7 மெகாஹெர்ட்ஸ் சி.டபிள்யூ. (மோர்ஸ்) டிரான்ஸ்மிட்டர் செட்: பவர் ஏறவில்லை

கேள்வி:
ஃபைனல் (கடைசி பவர் டிரான்சிஸ்டர்) பிடி139, சப்ளை 12 வோல்ட். 50 ஓம் டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதில் போடும் ரெசிஸ்டர்) டயோடு வழியாக அளந்தா உச்ச வோல்டேஜ் 4 வோல்ட்தான் வருது. டிரான்சிஸ்டர் கொதிக்குது. ஃபில்டர் காயில் டி37-2 வளையக் கோரில் 19 சுற்று, கெபாசிட்டர் 470, 940, 470 பிஎஃப்.

பதில் 1:
4-உடன் டயோடு இழப்பு 0.6 சேருங்க. 4.6-ஐ வர்க்கப்படுத்தி 100-ஆல் (50 ஓமின் இரு மடங்கு) வகுத்தா 0.21 வாட். 19 சுற்று மஞ்சள் கோருக்கான (டி37-6) கணக்கு. உங்களது டி37-2, சிவப்பு கோர், 17 சுற்று போதும், 1.15 மைக்ரோஹென்றி கிடைக்கும். துளைக்குள் ஒருமுறை கம்பி நுழைந்தாலே ஒரு சுற்று.

பதில் 2:
டம்மி லோடு சிமென்ட் ரெசிஸ்டரா? உள்ளே கம்பிச்சுருள், ஆர்எஃப்-க்கு (ரேடியோ அலைவரிசைக்கு) ஆகாது. 100 ஓம் 2 வாட் மெட்டல் ஃபிலிம் இரண்டைப் பேரலலாகப் போடுங்க. ஃபில்டரில் சாதா டிஸ்க் கெபாசிட்டர் வேண்டாம், என்பி0 (சூட்டில் மதிப்பு மாறாத வகை) போடுங்க. ஆன்டெனா மாட்டுவது லைசென்ஸ் வாங்கிய பிறகுதான்!

கேள்வி கேட்டவர்:
சிமென்ட்தான். மாத்தி, 17 சுற்றாக்கியதும் 9.2 வோல்ட்.

பதில் 1:
அதே கணக்கில் இப்ப 0.96 வாட். ஹீட்சிங்க்கை மறக்காதீங்க, பிடி139-இன் உலோக முதுகு கலெக்டர், நடுவில் மின்சாரம் கடத்தாத மைக்கா தகடு வேணும்.