மகளுக்கு முடி அடர்த்தி கம்மி, எந்த ஷாம்பு மாத்தலாம்?

செம்பருத்தி (சுங்கை சிப்புட்):
வணக்கம். மகளுக்கு 15 வயசு. வகிடு எடுத்தா மண்டைத்தோல் பளிச்சுன்னு தெரியுது. அடர்த்தி இல்லாத முடிக்குன்னு போட்டிருந்த ஷாம்பு, கெட்டியான ஹேர் மாஸ்க் ரெண்டும் வாங்கினேன். பள்ளி விட்டு வர்றப்போ வேர்ல பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டு இன்னும் மோசம். விடிகாலையில தலைக்கு ஊத்தி, தேங்காய் எண்ணெய் வச்சு, ரெட்டைச் சடை. இப்ப சீப்புலயும் நெறைய வருது.

பால்மரம்:
ஷாம்பு இருக்கட்டும், முதல்ல முடியை அளந்து பாருங்கம்மா. முடி மெல்லிசா இருக்கிறது வேற, எண்ணிக்கை கம்மியா இருக்கிறது வேற. எண்ணெய் ஏறின தலையில அடர்த்தி பாக்கவே முடியாது; நாலஞ்சு முடி ஒண்ணா ஒட்டிக்கும், நடுவுல தோல் தெரியும். குளிச்சு, எண்ணெய் வைக்காம, நல்லா காய விட்டுப் பாருங்க.

ஒத்தை முடியை ரெண்டு விரலுக்கு நடுவுல உருட்டுங்க. இருக்கிறதே தெரியலன்னா மெல்லிசு. தையல் நூல் கணக்கா தட்டுப்பட்டா தடிப்பு. அப்புறம் குதிரைவால் கட்டி, ரப்பர் பேண்டுக்குக் கீழ ஒரு நூலைச் சுத்தி ஸ்கேல்ல வையுங்க. 5 செ.மீ.க்குக் கீழன்னா கம்மி, 10க்கு மேல அடர்த்தி, இடையில நடுத்தரம். மெல்லிசு முடிக்காரங்களை இந்த அளவு ஏமாத்தும்: எண்ணிக்கை நெறைய இருந்தும் சுற்றளவு சின்னதா வரும். அதனால வகிடு எடுக்காம முடியை விழ விட்டு, தோல் தெரியுதான்னும் பாக்கணும்.

கொட்டின முடியில ஒரு முனையில வெள்ளையா குட்டி உருண்டை இருந்தா வேரோட விழுந்தது. உருண்டை இல்லாம குட்டையா இருந்தா ஒடிஞ்சது.

செம்பருத்தி:
7 செ.மீ. அண்ணே. விரல்ல தட்டுப்படவே இல்ல. வகிடு எடுக்காட்டி தோல் தெரியல. கொட்டினதுல ரெண்டும் இருக்கு, உருண்டை வச்சதுதான் ஜாஸ்தி.

பால்மரம்:
அப்ப மெல்லிசு முடி. எண்ணிக்கைக்குக் குறை இல்ல. மாஸ்க்கை நிறுத்துங்க, மெல்லிசு முடி அந்தக் கனத்தைத் தாங்காது. பட்டர், ஆயில்னு பெரிசா எழுதின ஷாம்பும் வேணாம். சாதாரண ஷாம்பு ஐம்பது காசு அளவு எடுத்து, தண்ணி விட்டு நுரைச்சு, மண்டைக்கு மட்டும் போடுங்க. வழியிற நுரையே நீளத்துக்குப் போதும். கண்டிஷனர் காதுக்குக் கீழ, 2 நிமிஷம். நம்ம ஊர் புழுக்கத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குளிக்கலாம், ஆனா சாயங்காலத்துல. ஈரத்தோட இறுக்கிப் பின்னினா ஒடியும். அந்தக் குட்டை முடி அதனாலதான் இருக்கும்.

கம்பத்துக்காரி:
அப்ப எண்ணெயே வேணாங்கிறீங்களா? நல்லா இருக்கே!

பால்மரம்:
அப்படிச் சொல்லலக்கா. தேங்காய் எண்ணெய் முடிக்குள்ள இறங்கி, கழுவுறப்போ புரதம் போறதைக் குறைக்கும். அதுக்குக் குளிக்க ஒரு மணி நேரம் முன்ன, ஒரு டீஸ்பூன், நீளத்துல தடவினா போதும். மண்டையில ஊற வைக்காதீங்க. பொடுகு இருந்தா கூடலாம், பொடுகோட தொடர்புள்ள பூஞ்சை கொழுப்பைத் தின்னுதான் வளருது.

மருந்துக்கடை அக்கா:
உருண்டையோட விழறது ஜாஸ்தின்னா நான் வேற ஒண்ணு கேக்கணும். ரெண்டு மூணு மாசத்துக்கு முன்ன டிங்கி, கடும் காய்ச்சல் ஏதும் வந்துச்சா?

செம்பருத்தி:
ஆமாக்கா, டிங்கி. வார்டுல சேர்த்திருந்தோம்.

மருந்துக்கடை அக்கா:
அதுவாத்தான் இருக்கும். பெரிய காய்ச்சல் வந்தா நெறைய முடி ஒரே நேரத்துல வளர்றதை நிறுத்திடும். விழறது ரெண்டு மூணு மாசம் கழிச்சுத்தான். எந்த ஷாம்பும் இதைத் தடுக்காது. பெரும்பாலும் ஆறு மாசத்துக்குள்ள தானா அடங்கும். முடி மாசத்துக்குச் சுமார் 1 செ.மீ.தான் வளரும், சடை பழையபடி கனக்க ஒரு வருஷத்துக்கு மேலயும் ஆகலாம்.

நாளுக்கு 50லேர்ந்து 100 விழறது இயல்பு. சடையை ரெண்டு நாள் பிரிக்காம விட்டா அத்தனையும் ஒண்ணாச் சேர்ந்து சீப்புல வரும், அதை வச்சு பயப்படாதீங்க. மாதவிடாய்ப் போக்கு அதிகம்னா கிளினிக்ல ஹீமோகுளோபினோட, இரும்புச் சேமிப்பைக் காட்டுற ஃபெரிட்டினும் பாக்க முடியுமான்னு கேளுங்க. ஹீமோகுளோபின் சரியா இருந்தும் அந்தச் சேமிப்பு இறங்கியிருக்கலாம். சோதிக்காம இரும்பு மாத்திரை குடுக்காதீங்க. முடிக்குன்னு விக்கிற பயோட்டின் வைட்டமின் குடுத்துக்கிட்டிருந்தா டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, தைராய்டு சோதனை முடிவையே அது குழப்பும். பசார் மாலாம்ல, அதான் ராத்திரிச் சந்தையில, விக்கிற தைலத்துக்குக் காசைக் கொட்டாதீங்க.

வட்டமா சொட்டை விழுந்தாலோ வகிடு மாசாமாசம் அகலமானாலோ காத்திருக்காம டாக்டர்கிட்ட போயிடுங்க. சடையைத் தளர்த்திப் பின்னுங்க; நெத்தி ஓரம் இழுத்து வலிச்சா இறுக்கம் ஜாஸ்தின்னு அர்த்தம்.