ஏற்காடு ஏறினால் 900 வோல்ட் 760 ஆகிறது: கெய்கர் கவுண்டர் ஹெச்.டி. (உயர் வோல்ட்டேஜ்) சப்ளை

கேள்வி: கன்னங்குறிச்சி_சால்டர்

வணக்கம். பெரியப்பா மகன் அமெரிக்காவிலிருந்து வந்தபோது எனக்கு ஒரு மஞ்சள் பெட்டி கொண்டுவந்தார். சிடி வி-700. பனிப்போர் காலத்தில் அங்கே சிவில் டிஃபென்ஸ்காரர்களுக்காகச் செய்த கெய்கர் கவுண்டர், அதாவது கதிரியக்கத்தை டிக் டிக் என்று எண்ணும் கருவி. குழாய்க்கு 900 வோல்ட் வேண்டும். உள்ளே இருந்த பழைய டிரான்ஸ்பார்மரில் காயில் அறுந்து கிடந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு நானே ஒரு சப்ளை கட்டினேன்.

9 வோல்ட் பேட்டரி, ஒரு 555 (துடிப்பு கொடுக்கும் டைமர் ஐசி), ஒரு காயில், அதை ஆன்-ஆஃப் செய்ய ஐஆர்எஃப்840 மாஸ்ஃபெட். காயில் உதைக்கும் 300 வோல்ட்டை டயோடு, கண்டென்சர் வைத்து மும்மடங்காக்கி 900. அவுட்புட்டிலிருந்து 100 மெகா ஓம் ரெசிஸ்டர் பத்தை வரிசையாகப் போட்டு 1 கிகா ஓம், அதற்குக் கீழே 2.7 மெகாவும் ஒரு பிரீசெட்டும் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்). நடுப்புள்ளியில் 2.5 வோல்ட் வரும். அதை டிஎல்431 என்ற ரெஃபரன்ஸ் ஐசி தரும் அசையாத 2.5 வோல்ட்டோடு எல்எம்358 என்ற ஆம்ப் ஒப்பிடும். கூடிவிட்டால் 555இன் 4ஆம் காலை இறக்கி நிறுத்திவிடும். (100 மெகாவை ஆன்லைனில்தான் வாங்கினேன். சேலத்துக் கடைகளில் 10 மெகாவுக்கு மேல் கேட்டால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.)

மல்டிமீட்டரை நேராக வைத்தால் அதன் 10 மெகா ஓமே சப்ளையைக் கீழே இழுத்துவிடுகிறது என்பதை ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டபின் புரிந்துகொண்டேன். இப்போது அளப்பதற்குத் தனியாக இன்னொரு 1 கிகா ஓம் புரோப் இருக்கிறது. பிவிசி பைப்புக்குள் வைத்து மெழுகு ஊற்றி மூடியது. மீட்டர் காட்டுவதை 101ஆல் பெருக்கினால் உண்மை வோல்ட்டேஜ்.

வீட்டு மேஜையில் மீட்டர் 8.91. அதாவது 900. மணிக்கணக்கில் அசையாது. போன ஞாயிறு மச்சான் வேலை பார்க்கும் காபி எஸ்டேட்டுக்கு எடுத்துப் போனேன். 20 கொண்டை ஊசி வளைவும் தாண்டி மேலே போனால் ஐப்பசி மழை, எதிரில் நிற்கும் சில்வர் ஓக் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். மீட்டர் 7.52. அதாவது 760தான். பிரீசெட்டைத் தொடவே இல்லை.

உயரம் போனால் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் கூட வேண்டும். 1912இல் விக்டர் ஹெஸ் பலூனில் 5,000 மீட்டருக்கு மேல் போய்க் கண்டுபிடித்ததே அதுதானே? எனக்கோ வீட்டில் 10 நிமிடத்துக்கு 214 டிக், ஏற்காட்டில் 97. பாதிகூட இல்லை. மச்சான் வேறு "சேலத்தைவிட எங்க ஊர் சுத்தம்" என்று சிரிக்கிறான். எங்கே தப்பு?

பதில் 1: மேட்டூர்_அனலாக்

முதலில் கணக்கு. டிக் எண்ணிக்கை தற்செயலாகவே சுமார் அதன் வர்க்கமூலம் அளவுக்கு ஆடும். 214க்கு வர்க்கமூலம் சுமார் 15, 97க்கு சுமார் 10. வித்தியாசம் 117. இது தற்செயல் இல்லை, உண்மையான இறக்கம்தான். பேட்டரியும் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

என் சந்தேகம் எல்எம்358 மேல். உங்கள் 1 கிகா ஓம் வழியாக ஓடுவது வெறும் 0.9 மைக்ரோ ஆம்பியர். எல்எம்358இன் இன்புட்டில் இருந்து வெளியே கசியும் கரன்ட் சாதாரணமாகவே 20 முதல் 45 நானோ ஆம்பியர். அதை 1 கிகா ஓமால் பெருக்குங்கள்: 20 முதல் 45 வோல்ட் பிழை. மலையில் குளிர், அது இன்னும் மாறும். சிஏ3140 போடுங்கள். மாஸ்ஃபெட் இன்புட், கசிவு சுமார் 10 பிக்கோ ஆம்பியர்தான். கால் வரிசை மட்டும் 358 போல இருக்காது, பார்த்து மாட்டுங்கள். டிஎல்431ஐ ரெஃபரன்ஸாக மட்டும் வைத்தது நல்லது. டிவைடரை நேராக அதன் ரெஃபரன்ஸ் காலில் கொடுப்பவர்கள் உண்டு. அந்தக் கால் மட்டுமே 2 மைக்ரோ ஆம்பியர் கேட்கும், நம்மிடம் இருப்பதே 0.9.

இன்னொரு வழி: 100 வோல்ட் ஜீனர் டயோடு ஒன்பதை வரிசையாகப் போட்டு, கூடுதல் கரன்ட்டைத் தன் வழியாக வடித்துவிடும் ஷன்ட் ரெகுலேட்டர். சேலம் வெயிலுக்கும் ஏற்காட்டுக் குளிருக்கும் 15 டிகிரி வித்தியாசம் என்றாலும் பத்துப் பதினைந்து வோல்ட்டுக்கு மேல் ஆடாது.

பதில் 2: செவ்வாய்பேட்டை_டிவி

தம்பி மேட்டூர் சொல்வது சரிதான், ஆனால் இந்த நோய்க்கு அது மருந்து இல்லை. 358இன் கசிவு எவ்வளவாக இருந்தாலும் கன்னங்குறிச்சி பிரீசெட்டைத் திருகி 900 வைத்தபோதே அது கணக்கில் சேர்ந்துவிட்டது. அதற்குப்பின் குளிரில் அது எவ்வளவு மாறினது என்பதுதான் கேள்வி. சில நானோ மாறியிருக்கலாம், சில வோல்ட் இறங்கியிருக்கலாம். 140 வோல்ட் எங்கே போனது?

நான் முப்பது வருஷம் பிக்சர் டியூப் டிவி ரிப்பேர் பார்த்தவன். ஏற்காட்டிலிருந்து வரும் செட் எல்லாம் ஒரே புகார்தான். மழைக்காலத்தில் காலையில் போட்டால் "உஸ்ஸ்" என்று சத்தம், படம் சுருங்கும். கடைக்குக் கொண்டுவந்து அரை மணி நேரம் வெயிலில் வைத்தால் குணமாகிவிடும். நாங்கள் ஒன்றும் செய்யாமலே காசு வாங்கிய செட்டும் உண்டு, மறைப்பானேன். ஈரம் பிடித்த போர்டில் ஹெச்.டி. தனக்கென்று ஒரு பாதை போட்டுக்கொள்ளும்.

உன் கணக்கையே எடு. 900, 760 ஆக வேண்டுமென்றால் மேல் ரெசிஸ்டர் 1,000 மெகாவிலிருந்து 844 மெகா ஆனதுபோல் இருக்க வேண்டும். அதற்குப் பக்கத்தில் சுமார் 5.4 கிகா ஓமில் ஒரு கள்ளப்பாதை போதும். ஈரமான போர்டுக்கு 5 கிகா ஓம் ஒரு பொருட்டே இல்லை. கள்ளப்பாதை வழியாக நடுப்புள்ளிக்குக் கூடுதல் கரன்ட் வருகிறது, ஆம்ப் "வோல்ட் கூடிப்போச்சு" என்று ஏமாந்து 555ஐ நிறுத்துகிறது. ரெகுலேட்டர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. அதற்குப் போகும் தகவல்தான் பொய். மெழுகு ஊற்றிய புரோப் ஈரமாகியிருந்தால் மீட்டர் கூடுதலாகக் காட்டியிருக்கும், குறைவாக இல்லை. அதனால் புரோப்பை நம்பலாம்.

வீட்டிலேயே சோதித்துப் பார். மீட்டரைப் பார்த்துக்கொண்டே போர்டுக்கு ஒரு சாண் தூரத்தில் வாயை வைத்து, கண்ணாடி துடைக்க ஊதுவோமே, அப்படி "ஹா" என்று ஊது. ரெசிஸ்டர் வரிசைமேல் ஊதும்போது மீட்டர் விழுந்தால் இடம் அதுதான். அடிக்கிற கரன்ட் உயிருக்கு ஆபத்து இல்லை, ஆனால் சுள்ளென்று இருக்கும், கையை வைக்காதே.

ஒரு கேள்வி: சால்டர் வைக்கும்போது டப்பாவில் வரும் பேஸ்ட் தொட்டாயா?

கன்னங்குறிச்சி_சால்டர்

தொட்டேன் சார். கொஞ்சம் தாராளமாகவே.

செவ்வாய்பேட்டை_டிவி

அவ்வளவுதான். அந்தப் பேஸ்ட் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ரெசிஸ்டர்களைக் கழற்று. மொபைல் ரிப்பேர் கடையில் ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) கேள், கொடுப்பார்கள். பழைய டூத் பிரஷ் வைத்து மூன்று தடவை கழுவு. ஒவ்வொரு தடவையும் புது ஐபிஏ, இல்லையென்றால் அழுக்கை இடம் மாற்றி வைப்பதுதான். வெயிலில் காயவை. ரெசிஸ்டர்களைத் திரும்ப மாட்டும்போது போர்டில் படுக்க விடாதே, காலைத் தூக்கி அந்தரத்தில் ஒன்றோடொன்று சேர். ரெசிஸ்டரின் உடம்பை விரலால் தொடாதே, வியர்வையும் உப்புதான். நடுப்புள்ளியைச் சுற்றி போர்டில் ஹாக்ஸா பிளேடால் ஒரு கீறல் வெட்டிவிடு. கடைசியாக வார்னிஷ். மோட்டார் காயில் கட்டும் கடையில் இருக்கும். கழுவாமல் மட்டும் அடித்துவிடாதே, பேஸ்டை உள்ளே வைத்துப் பூட்டியது மாதிரி ஆகிவிடும்.

மேட்டூர்_அனலாக்

ஒப்புக்கொள்கிறேன் சார், பிரீசெட் விஷயத்தை நான் யோசிக்கவில்லை. கன்னங்குறிச்சி, மும்மடங்கு பகுதியில் என்ன டயோடு? 1என்4007 என்றால் யுஎஃப்4007க்கு மாறுங்கள். அந்த வேகத்தில் சாதா டயோடு திரும்பி மூடுவதற்குள் சார்ஜ் பின்னால் ஓடிவிடும், பேட்டரிதான் வீணாகும். குழாயின் பிளாட்டோவை, அதாவது வோல்ட் மாறினாலும் டிக் எண்ணிக்கை ஏறக்குறைய மாறாத பகுதியை, அளந்தீர்களா?

கன்னங்குறிச்சி_சால்டர்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ஊதிப் பார்த்தேன். மும்மடங்கு பகுதியில் ஊதினால் ஒன்றுமில்லை. ரெசிஸ்டர் வரிசைமேல் ஒரு "ஹா", மீட்டர் 8.91இலிருந்து 8.1க்குச் சரிந்து, அரை நிமிடத்தில் மெல்ல ஏறி வந்தது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு ஊதிக் காட்டினேன். கழற்றிப் பார்த்தால் ரெசிஸ்டருக்கு அடியில் எல்லாம் பழுப்பாக, வெல்லப்பாகு மாதிரி பிசுபிசுப்பு.

கழுவி, மொட்டை மாடியில் காயவைத்து, அந்தரத்தில் மாட்டினேன். டயோடையும் மாற்றினேன். பிளாட்டோ போட டிக் நிறைய வேண்டுமே என்று பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பை பொட்டாஷ் உரம் வாங்கி, கெய்கர் குழாய் இருக்கும் புரோபின் பீட்டா ஜன்னலைத் திறந்து அதன்மேல் வைத்தேன். பொட்டாசியம்-40 நன்றாகவே டிக் கொடுக்கிறது. பிரீசெட்டைத் திருகித் திருகி அளந்ததில் 740இல் டிக் ஆரம்பிக்கிறது, 830 முதல் 960 வரை ஏறக்குறையச் சமம். ஆக, அன்றைக்கு 760இல் குழாய் அரைத்தூக்கத்தில் இருந்திருக்கிறது.

நேற்று மறுபடி மலைக்குப் போனேன். அதே பனிமூட்டம், சட்டையெல்லாம் ஈரம். மீட்டர் 8.84, அதாவது 893. வீட்டில் 10 நிமிடத்துக்கு 221, எஸ்டேட்டில் 287. மச்சான் இப்போது "கருவி கெட்டுப்போச்சு" என்கிறான்.

அந்த 7 வோல்ட் 358 கணக்கில் எழுதிக்கொள்ளலாமா?

மேட்டூர்_அனலாக்

எழுதிக்கொள்ளலாம். உங்கள் பிளாட்டோவில் அது தெரியவே தெரியாது. சிஏ3140 கிடைத்தால் போடுங்கள், கிடைக்காவிட்டால் தேடி அலைய வேண்டாம்.

செவ்வாய்பேட்டை_டிவி

வார்னிஷ் அடித்தாயா?

கன்னங்குறிச்சி_சால்டர்

நாளைக்கு சார். காயில் கடைக்காரர் கொட்டாங்குச்சியில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்திருக்கிறார், காசு வாங்கவில்லை. இவ்வளவு சின்ன மோட்டாரா என்று கேட்டார்.