பழைய டாஸ் புரோகிராமில் ஒரு சிஆர்சி ரூட்டீன்: உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. அப்பாவின் கடைக் கணக்கு முழுக்க ஒரு பழைய டாஸ் புரோகிராமின் ஃபைல்களில் இருக்கிறது. அதை எப்படியாவது வெளியே எடுக்க வேண்டும்.

ஒவ்வொரு ஃபைலின் கடைசி 2 பைட்டும் சிஆர்சி, அதாவது ஃபைலில் பிழை உண்டா என்று காட்டும் சரிபார்ப்பு எண். அதைக் கணக்கிடும் 8086 (பழைய இன்டெல் சிப்) ரூட்டீனைப் பிரித்துப் பார்த்தேன். தொடக்கத்தில் டிஎக்ஸ் ரெஜிஸ்டரின் (சிப்புக்குள் உள்ள சிறு நினைவிடம்) 16 பிட்டும் 1. பைட்டுக்கு 8 சுற்று. அந்த பைட் இருக்கும் ஏஎல் ரெஜிஸ்டரை எஸ்எச்எல் (ஒரு பிட் இடப்பக்கம் நகர்த்தல்) செய்து, வெளியே வரும் பிட்டை ஆர்சிஎல் (அந்த பிட்டையும் சேர்த்து இடப்பக்கம் சுழற்றல்) மூலம் டிஎக்ஸின் கீழ்முனையில் நுழைக்கிறது. டிஎக்ஸின் மேல்முனையிலிருந்து கேரி (வெளியேறும் 1) வந்தால், டிஎக்ஸைப் பதினறும எண் 1021 உடன் எக்ஸ்ஓஆர் (பிட்கள் வேறுபட்டால் 1 தருவது) செய்கிறது.

எக்ஸ்மோடம் என்ற பழைய ஃபைல் பரிமாற்ற முறையின் சிஆர்சியிலும் இதே 1021தான். ஆனால் வழக்கமான சிஆர்சி கருவிகள் தரும் விடை ஃபைலோடு பொருந்தவில்லை. பிட் கீழ்முனையில் நுழைவதால், முடிவில் 2 பூஜ்ஜிய பைட்டையும் உள்ளே தள்ள வேண்டும் என்பது என் ஊகம். சரியா? தொடக்க மதிப்பையும் அதற்கேற்ப மாற்ற வேண்டுமா? அசெம்ப்ளி தெரிந்தவர்கள் சொல்லுங்கள், முழு லிஸ்டிங்கையும் அனுப்புகிறேன்.