குழந்தை தள்ளிப்போகிறதா? கணவருக்கும் டெஸ்ட் எடுத்தீர்களா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பசுண்டாங் மருமகள், ரங்கூன்:

எல்லாருக்கும் வணக்கம். கல்யாணமாகிச் சில வருஷம் ஆயிற்று. "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கோயிலில் கேட்காத ஆளில்லை. "இன்னும் ஒரு புழு பூச்சி இல்லையா" என்று என் காதுபடவே சொன்னவர்களும் உண்டு. மாமியார் பீலிக்கான் அங்காள ஈஸ்வரிக்கு நேர்ந்துகொண்டார். நானும் மனசார வேண்டிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன், ரத்தம், மருந்து செலுத்திச் சினைக்குழாயைப் பார்க்கும் எக்ஸ்ரே வரைக்கும் எனக்கு எடுத்தாயிற்று. அந்த எக்ஸ்ரே வலிக்கும், பட்டவர்களுக்குத் தெரியும். எல்லாம் சரியாக இருந்தது. அதுவரை என் கணவரை யாரும் உள்ளே கூப்பிடவே இல்லை. வெளியே பெஞ்சில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அப்புறம் வேறொரு டாக்டரம்மாவிடம் போனோம். அவர் என் ஃபைலை மூடி வைத்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் ரிப்போர்ட் எங்கே?" என்றார். விந்து பரிசோதனையில் உயிரணு எண்ணிக்கையும் குறைவு, அது நீந்தும் ஓட்டமும் குறைவு. பரிசோதித்துப் பார்த்ததில் இடது பக்க விதைக்கு மேலே ரத்தக்குழாய் புடைத்திருந்தது. வெரிகோசீல் என்கிறார்கள். நூறு ஆண்களில் பதினைந்து பேருக்கு இது இருக்குமாம். பலருக்கு ஒரு தொந்தரவும் தராது. குழந்தைக்காக வரும் ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இருக்கிறதாம். அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அடுத்த ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிறோம்.

குழந்தை தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது, தனியாகவோ பெண் பக்கக் காரணத்தோடு சேர்ந்தோ. அப்படியிருக்க ஏன் எப்போதும் பெண்ணை மட்டும் இழுத்துக்கொண்டு போகிறார்கள்? உங்களுக்கு எப்படி நடந்தது? தயவுசெய்து எழுதுங்கள்.

மோல்மீன் அண்ணன்:

தங்கச்சி, நல்ல காரியம் செய்தீர்கள். ஆண்கள் எழுதமாட்டார்கள், அதனால் நான் எழுதுகிறேன்.

எனக்கு டான்பாவ் (பர்மா பிரியாணி) கடை. விறகடுப்புக்குப் பக்கத்தில் விடியற்காலையிலிருந்து நிற்கும் வேலை. டாக்டர் என் தொழிலைத்தான் முதலில் கேட்டார். விதைப்பை உடம்புக்கு வெளியே இருப்பதே சூடு குறைவாக இருக்கத்தானாம். உடம்பைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குறைந்தால்தான் உயிரணு ஒழுங்காக உண்டாகும். அனல் வேலை, சூளை வேலை செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அடுத்து புகையிலை. சுருட்டும் உண்டு, வெற்றிலையில் புகையிலையும் உண்டு எனக்கு. சர்க்கரை பார்த்தார், அதுவும் கூடுதல். "வயசுக்கு வந்த பிறகு பொன்னுக்கு வீங்கி வந்ததா? அப்போது விதை வீங்கியதா?" என்றும் கேட்டார். எனக்கு வரவில்லை. ஆனால் என் கூட்டாளி ஒருவருக்குப் பதினாறு வயதில் வந்து, அதனாலேயே உயிரணு மிகவும் குறைந்துபோனதென்று பிறகுதான் தெரிந்தது.

அடுப்புக்கு ஆள் வைத்தேன், சுருட்டை விட்டேன், புகையிலையையும் விட்டேன், சர்க்கரைக்கு மாத்திரை. உடனே பலன் தெரியாது. ஓர் உயிரணு உருவாகி முடியவே எழுபது நாளுக்கு மேல் ஆகும். அதனால் மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி எடுக்கச் சொன்னார். இரண்டாவது ரிப்போர்ட்டில் ஓட்டம் கூடியிருக்கிறது. என் மனைவி அந்தக் காகிதத்தைச் சாமி படத்துக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

பெகு அக்கா:

என் கதை வேறு. என் கணவருக்கு எல்லாம் சரி. எனக்கு மாதவிலக்கு ஒழுங்காக வரும், வலி கிடையாது, காய்ச்சல் இருமல் எதுவும் கிடையாது. ஆனாலும் இரண்டு சினைக்குழாயும் அடைத்திருந்தது.

டாக்டர், "வீட்டில் யாருக்காவது டீபி இருந்ததா?" என்று கேட்டார். எங்கள் அப்பாவுக்கு இருந்தது. நான் சின்னப் பிள்ளையாக அவர் பக்கத்தில்தான் படுப்பேன். காசநோய்க் கிருமி நுரையீரலோடு நிற்பதில்லை, ரத்தம் வழியாகச் சினைக்குழாய்க்கும் கர்ப்பப்பைக்கும் போய் உட்கார்ந்துவிடும். பலருக்கு ஒரு அறிகுறியும் இருக்காது, குழந்தை இல்லையென்று பார்க்கும்போதுதான் தெரியவரும். பர்மா காசநோய் அதிகமுள்ள நாடுகளில் ஒன்று. இங்குள்ள நம் பெண்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

கர்ப்பப்பையின் உள்சதையைக் கொஞ்சம் எடுத்துச் சோதித்தார்கள். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். அந்த மாத்திரை அரசாங்கத்தில் இலவசம். நோய் போய்விட்டது, ஆனால் கெட்டுப்போன குழாய் திரும்பச் சரியாகவில்லை. கர்ப்பப்பையின் உள்பக்கம் நன்றாக இருப்பதால் சோதனைக்குழாய் முறைக்கு வழியிருக்கிறது என்கிறார்கள். பணம் சேர்க்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குழாய் அடைப்புக்கு டீபி மட்டும் காரணமில்லை. கிளமிடியா, வெட்டை போன்ற கிருமிகள், சுத்தமில்லாத இடத்தில் செய்த கருக்கலைப்பு, பிரசவத்துக்குப் பிறகு வந்து கவனிக்காமல் விட்ட காய்ச்சல், இவையும் குழாயைக் கெடுக்கும். முதல் குழந்தை இருந்தும் இரண்டாவது தங்காமல் இருப்பவர்கள் இதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். மாமியார் எதிரில் சொல்ல முடியாவிட்டால் தனியாகப் பேசவேண்டும் என்று கேளுங்கள், டாக்டர் மற்றவர்களை வெளியே அனுப்புவார்.

தம்வே தம்பி:

என் மாமா பையன் ஜிம்முக்குப் போய் உடம்பு ஏற்ற ஊசி போட்டுக்கொண்டான். டெஸ்டோஸ்டிரோன். ஆண்மை கூடும் என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு பார்த்தால் விந்தில் ஓர் உயிரணுகூட இல்லை. வெளியிலிருந்து அந்த ஹார்மோன் ஏறினால், விதைக்கு வேலை சொல்லும் மூளைச் சுரப்பி நின்றுவிடுமாம். நிறுத்தியபிறகு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. எல்லாருக்கும் அப்படித் திரும்பும் என்று நிச்சயமில்லை. தம்பிமார் இருந்தால் சொல்லி வையுங்கள்.

இருபத்தாறாம் தெரு சின்னம்மா:

என் மகளுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி (பிசிஓஎஸ்). மாதவிலக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வரும், முகத்தில் முடி, உடம்பும் போட்டிருந்தாள். நூறு பெண்களில் பத்துப் பேருக்குச் சொச்சமாக இது இருக்கிறது, பலருக்குத் தெரிவதே இல்லை. கருமுட்டை சரியாக வெளியே வராததுதான் சிக்கல். எடை கொஞ்சம் குறைந்தபிறகு மாதவிலக்கு ஒழுங்காயிற்று, மாத்திரையிலேயே முட்டையும் வந்தது. பேரனுக்கு இப்போது நடை பழக்குகிறோம். தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள், அதுவும் ஒரு காரணம். வயசையும் மறக்காதீர்கள். ஒரு வருஷம் பார்த்துவிட்டு டாக்டரிடம் போகலாம். முப்பத்தைந்து தாண்டிய பெண் ஆறு மாதத்திலேயே போகவேண்டும்.

தட்டோன் தங்கச்சி:

எல்லாம் படித்து அழுதுவிட்டேன். என் கணவர் வரமாட்டேன் என்கிறார். லேபில் போய்க் கொடுப்பதற்கு வெட்கமாம். வீட்டிலேயே எடுத்துக் கொண்டுபோகலாமா? லேப் மோல்மீனில்தான்.

லேப் அக்கா:

லேபில் பல வருஷம் வேலை செய்தவள் நான். எடுப்பதற்கு முன் குறைந்தது இரண்டு நாள், அதிகபட்சம் ஏழு நாள் விந்து வெளியேறாமல் இடைவெளி விடவேண்டும். லேப் கொடுக்கும் டப்பாவில்தான் எடுக்கவேண்டும்; சாதாரண ஆணுறையில் எடுத்தால் உயிரணு கெடும். வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் எங்கள் கைக்கு வரவேண்டும். சட்டைக்கு உள்ளே உடம்போடு வைத்துக்கொண்டு வரவேண்டும், ஐஸ் கூடாது, வெயிலும் கூடாது. தட்டோனிலிருந்து பஸ்ஸில் வந்தால் நேரம் கடந்துவிடும், ரிப்போர்ட் தப்பாக வரும்.

ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன கீழ் அளவு ஒரு மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம் உயிரணு, ஓட்டம் 42 சதவீதம். இதற்குக் கீழே இருந்தும் குழந்தை பெற்றவர்கள் உண்டு. ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு செய்யாமல் மறுபடியும் எடுப்பது வழக்கம்.

உங்கள் வீட்டுக்காரரிடம் இதைக் காட்டுங்கள் தங்கச்சி. லேபில் தனி அறை உண்டு, உள்ளே தாழ்ப்பாள் உண்டு, யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். முதல் நாளே மோல்மீன் வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கினால், அங்கேயே எடுத்து நேரத்துக்குள் கொண்டுவரலாம். காலையில் கூட்டம் குறைவு, எட்டு மணிக்கு முன்னால் வரச் சொல்லுங்கள்.