றோபோவை ஒருங்கிணைப்பதா, பூட்டுவதா, நிரையில் சேர்ப்பதா?

அன்பர்களுக்கு வணக்கம்.

றோபோ இன்டகிரேஷனுக்கு, அதாவது ஒரு றோபோவை மற்ற மெசின்களோடு சேர்ந்து வேலை செய்ய வைப்பதற்கு, ஒரு தமிழ்ச்சொல் தேடி நம் குழுவில் தொடங்கிய பேச்சு, மூன்று வாரமாக ‘ஒருங்கிணைப்பு’க்கும் ‘பூட்டு’க்கும் நடுவில் நின்றுகொண்டிருக்கிறது. நான் மொழி படித்தவன் இல்லை. நுவரெலியாப் பக்கம் தேயிலை பொதிசெய்கிற ஓர் இடத்தில் மின்வேலை பார்க்கிறவன். இந்த வேலையைக் கையால் செய்து, ஒருதடவை நன்றாகச் சூடும் பட்டவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் ஒருங்கிணைப்பு. அதில் என்ன குறை என்று சென்னை நண்பர் கேட்டிருந்தார். இலங்கையில் இருந்து பார்த்தால் தெரியும். இங்கே மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு என்றால் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கூடுகிற கூட்டம். ஒருங்கிணைப்பாளர் என்றால் தொண்டு நிறுவனத்தில் இருந்து கோப்பும் கையுமாக வருகிறவர். ‘றோபோ ஒருங்கிணைப்பாளர் தேவை’ என்று பத்திரிகையில் போட்டால், கூட்டம் ஒழுங்கு செய்யத் தெரிந்த பிள்ளைகள்தான் விண்ணப்பிப்பார்கள். ஸ்பானர் பிடித்த ஒருவரும் வரமாட்டார். இன்னொருவர் ‘தொகையீடு’ என்றார். உயர்தரத்தில் கணிதம் செய்தவர்களுக்கு அந்தச் சொல் நுண்கணித இன்டகிரேஷனைத்தான் நினைவுபடுத்தும்.

பூட்டு எனக்கும் பிடித்த சொல். யாழ்ப்பாணத்து அண்ணர் சொன்னது சரி: கழற்றிப் பூட்டுவது, ஏர் பூட்டுவது, வில்லில் நாண் பூட்டுவது எல்லாமே இரண்டு பொருளைச் சேர்த்து ஒரு வேலைக்கு ஆயத்தப்படுத்துவதுதான். பொருள் அழகாகப் பொருந்துகிறது. ஆனால் மெசின் இருக்கிற இடத்தில் பூட்டு என்றால் வேறு அர்த்தம். பழுது பார்க்க உள்ளே போகிறவர் மெயின் சுவிட்சை நிறுத்தி, ஆமைப்பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ‘கை பூட்டியாச்சா?’ என்று ஒருவர் கேட்கிறார். ‘பூட்டியாச்சு’ என்று பதில் வருகிறது. றோபோவின் கை பொருத்தப்பட்டதா, மின்சாரம் பூட்டப்பட்டதா? இந்தக் குழப்பத்தில் ஒருவர் விரலை இழக்கலாம். பாதுகாப்பில் ஏற்கனவே ஒரு வேலை பார்க்கிற சொல்லுக்கு அதே இடத்தில் இரண்டாவது வேலை கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

றோபோ என்ற சொல்லையே மாற்ற வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்திரன், பொறியன் எல்லாம் ‘ன்’ போட்டு ஆணாக்கிவிடுகின்றன. தரையில் போல்ட் அடித்து நிறுத்திய ஒற்றைக் கைக்கு அது ஏன்? செக் எழுத்தாளர் கரேல் சாபெக் 1920இல் எழுதிய நாடகத்தில்தான் இந்தச் சொல் பிறந்தது. சொல்லைக் கொடுத்தது அவருடைய அண்ணன் யோசெப். மூலம் ‘ரொபொத்தா’, பண்ணையாருக்குச் செய்கிற கட்டாய உழைப்பு. கடன் எழுதிய துண்டுச் சீட்டோடு தேயிலை மலைக்கு ஏற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த வேரை விளங்கப்படுத்தத் தேவையில்லை. சொல் அப்படியே இருக்கட்டும். கடன்சொல் நமக்குப் புதிதும் இல்லை. தேயிலை ஸ்டோரில், அதாவது ஆலையில், மெசினுக்குக் காவலாக நம் ஆட்கள் கும்பிட்ட சாமி ரோதைமுனி. அந்த ரோதை போர்த்துக்கேயம், சிங்களம் எல்லாம் சுற்றி வந்த சக்கரம்.

சரி, இப்போது சூடுபட்ட கதை.

எங்கள் இடத்தில் கடைசி வேலை, நிரப்பித் தைத்த கடதாசிச் சாக்குகளை பலட் என்கிற தட்டில் அடுக்குவது. இடுப்பு ஒடிகிற வேலை. அதற்கு ஒரு றோபோக் கையை வாங்கினார்கள். கொண்டுவந்தவர்கள் இரண்டு நாளில் தரையில் இறுக்கினார்கள். கையைத் தனியாக ஓட்டினார்கள், அருமை. பெல்ட்டைத் தனியாக ஓட்டினார்கள், அதுவும் அருமை. மூன்றாம் நாள் இரண்டையும் சேர்த்து ஓட்டிவிட்டு, தேத்தண்ணி குடிக்கப் போனார்கள்.

பெல்ட்டின் முனையில் ஒரு ஒளி சென்சர் இருக்கிறது. சாக்கு வந்து ஒளியை மறைத்தால் கைக்கு ‘எடு’ என்று சிக்னல் போகும். தைக்கிற இடத்தில் இருந்து பறக்கிற தேயிலைத் தூசி அந்தச் சின்னக் கண்ணாடியில் பஞ்சு மாதிரி படிந்துவிட்டது. சென்சருக்கு எப்போதும் சாக்கு இருக்கிறது. கை இறங்கியது, வெறும் பெல்ட்டை உறிஞ்சிப் பார்த்தது, பிடி கிடைக்கவில்லை என்று கண்டுபிடித்து ஒழுங்காக நின்றுவிட்டது. அது வரைக்கும் கையில் குற்றமே இல்லை. ஆனால் கை நின்றதை பெல்ட்டுக்குச் சொல்ல ஒருவரும் வயர் இழுத்திருக்கவில்லை. பெல்ட் தன்பாட்டில் சாக்கைக் கொண்டுவந்து தள்ளியது. ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்தாவது சாக்கு விளிம்பால் விழுந்து வெடித்தது. தரையெல்லாம் பிஓபி ரகத் தேயிலை. விழுந்த தேயிலையை அள்ளித் திரும்பப் போட முடியாது. தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவின் முகத்தை நான் அதற்குப் பிறகு ஒரு கிழமை பார்க்கவில்லை.

அடுத்த பிரச்சினை மலையே கொடுத்தது. சாக்கைப் பிடிப்பது சக்ஷன் கப். அது உண்மையில் இழுப்பதில்லை. உள்ளே காற்றைக் குறைத்தால், வெளியே இருக்கிற வளிமண்டலம் சாக்கைக் கப்போடு சேர்த்து அமுக்குகிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். இங்கே வளியமுக்கம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான். ஆகவே அதே பம்ப், அதே கப், பிடி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. போதாததற்குக் கடதாசிச் சாக்கு காற்றை விடுகிற சாமான். கீழ்நாட்டில் சோதித்தபோது சாக்கை அலட்சியமாகத் தூக்கிய கை, இங்கே திரும்பும்போது பாதியில் விட்டது. கப்பின் எண்ணிக்கையைக் கூட்டி, திரும்புகிற வேகத்தைக் குறைத்த பிறகுதான் நின்று வேலை செய்தது.

இவ்வளவையும் சரிசெய்ய எங்களுக்கு ஒரு மாதம் போனது. நான் சொல்ல வருவது இதுதான்: கையை வாங்குவதும் இறுக்குவதும் இரண்டு நாள் வேலை. அந்த ஒரு மாத வேலைக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம். அந்தப் பெயர் றோபோவைக் காட்டக் கூடாது, அது போய்ச் சேர்கிற வரிசையைக் காட்ட வேண்டும். றோபோச் சொற்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8373இல் உள்ள வரைவிலக்கணமும் இதையே சொல்கிறது: றோபோவை வேறு கருவிகளோடு, அல்லது இன்னொரு றோபோவோடு சேர்த்து, பயனுள்ள வேலை செய்யக்கூடிய ஒரே பொறித்தொகுதியாக ஆக்குவது. 1961இல் நியூ ஜேர்சியில் ஜெனரல் மோட்டர்ஸ் ஆலையில் முதல் தொழிற்சாலை றோபோ வேலைக்குப் போனபோதும் இதே கதைதான். சுடச்சுட வார்ப்பை அச்சு மெசினில் இருந்து எடுக்கிற வேலை அதற்கு. அச்சு திறந்ததா இல்லையா என்று தெரியாத கை அங்கே என்ன செய்திருக்கும்?

சொல் எனக்குக் கிடைத்தது தைக்கிற மெசினில் இருக்கிற அக்காவிடம் இருந்து. ஓய்வெடுக்கிற வயதை நெருங்கியவர், முன்பு மலையில் கொழுந்தெடுத்தவர். எல்லாம் சரியாகி முதல் பலட் முழுசாக அடுக்கி முடிந்த அன்று கேட்டார்:

“அப்ப அதுக்கும் நிரை குடுத்தாச்சா தம்பி?”

மலையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். காலையில் கங்காணி ஆளுக்கு ஒரு நிரை கொடுப்பார். புதுப்பிள்ளைக்கு நிரை கிடைத்தால், பக்கத்து நிரைக்காரியோடு சேர்ந்து ஏற வேண்டும். பிந்தினால் ஏச்சு, முந்தினாலும் கரைச்சல்தான். அகராதியில் நிரை என்றால் வரிசை. மலையில் அது வரிசைக்குள் ஒருவருக்குக் கொடுக்கப்படுகிற இடமும்தான். என் கைக்குக் கிடைக்காமல் இருந்தது சரியாக அதுதான்.

ஆகவே என் முன்மொழிவு நிரைச்சேர்ப்பு. அதைச் செய்கிறவர் நிரைச்சேர்ப்பாளர். நிரையில் சேர்ப்பது என்று விரியும், ஆகவே மலைக்கோயில் போல ‘ச்’ வரும் என்று ஹட்டன் டீச்சர் தனிமடலில் சொன்னார். வராது என்பவர்கள் அவரோடு பேசிக்கொள்ளுங்கள்.

புரடக்ஷன் லைனுக்கு ‘உற்பத்தி நிரை’ என்றே வைக்கலாம். ‘உற்பத்தி லைன்’ என்று விடலாமே என்று கேட்டவருக்கு: மலையகத்தில் லைன் என்றால் வீடு. லைன் காம்பரா, லயம். லைனுக்குள் றோபோ வந்தது என்று எங்கள் பக்கம் சொன்னால், யார் வீட்டுக்கு என்று கேட்பார்கள்.

மறுப்புகள் எனக்கே தெரிகின்றன. பெரியது, நிறை. இலங்கைப் பாடப்புத்தகத்தில் நிறை என்றால் எடை, எங்கள் பேச்சில் ர, ற இரண்டும் ஒன்றுதான். பொதிசெய்கிற இடத்தில் ‘நிறைச்சேர்ப்பு’ என்று காதில் விழுந்தால், சாக்கில் எடை கூட்டுகிற கள்ளவேலை என்று ஒருவர் நினைக்கலாம். இதற்கு என்னிடம் முழுப்பதில் இல்லை. எழுத்தில் தெளிவு, பேச்சில் இடம் பார்த்து விளங்கும் என்பதோடு நிற்கிறேன். தமிழ்நாட்டில் நிரல் என்றால் புரோகிராம், அதோடு குழம்பும் என்று ஒருவர் எழுதுவார். கணிதப் பாடத்தில் கிடைவரிசைக்கு நிரை, நிலைவரிசைக்கு நிரல் என்று இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்த எங்களுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. வேலிக்குள் தனியாக நின்று வெல்டிங் ஒட்டுவேலை செய்கிற றோபோவுக்கு நிரை எங்கே என்பது நியாயமான கேள்வி. ஆனால் அதற்கும் இரும்பைக் கொண்டுவருகிறவர் முன்னால் இருக்கிறார், எடுத்துப்போகிறவர் பின்னால் இருக்கிறார்.

ஒரு சொல் நிற்குமா என்று பார்க்க, அறிவுறுத்தல் நூலில் வரக்கூடிய வாக்கியங்களில் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். மூன்று எழுதியிருக்கிறேன் (இரண்டாவதில் வருகிற ஒளித்திரை, ஆள் குறுக்கிட்டால் கையை நிறுத்துகிற ஒளிக்கதிர்க் காவல்):

“கை நின்றால் பெல்ட்டும் நிற்க வேண்டும் என்பதை நிரைச்சேர்ப்பின்போதே உறுதிசெய்க.”

“ஆள் ஒருவர் செக்கனுக்கு 1.6 மீற்றர் நடப்பார் என்று கொள்க. கை நிற்க அரைச் செக்கன் எடுத்தால், ஒளித்திரையை ஆகக் குறைந்தது 80 சென்ரிமீற்றர் தள்ளி வைத்து, அதற்கு மேல் கூட்ட வேண்டியதை நிரைச்சேர்ப்பாளர் கணித்துக் கூட்டுக.”

“நிரைச்சேர்ப்பு முடியும் வரை, பூட்டும் சாவியும் உள்ளே இருப்பவரிடமே இருக்க வேண்டும்.”

யாழ்ப்பாணத்து அண்ணர் லேசில் விடமாட்டார் என்று தெரியும். அந்த மூன்றாவது வாக்கியத்தை மட்டும் தன்னுடைய சொல்லை வைத்து எழுதி அனுப்பட்டும், பார்ப்போம்.