காலை பத்து மணிக்குச் சாளை மறியல்

தக்கலைக்காரன்:

கையில் கிளாஸ் இருக்கும்போது நாக்கு பிறழ்ந்த கதை உங்களிடமும் இருக்கும், போடுங்கள். கிளாஸில் என்ன இருந்தது என்று கேட்கமாட்டேன். முதல் கதை என்னுடையது.

சித்தி மகள் கல்யாணத்துக்கு முந்தின இரவு. பெண்கள் கீழே தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் மொட்டை மாடியில் இருந்தோம். நடுவில் ஒரு தாம்பாளம் நிறைய பொரித்த சாளை. மற்ற மாவட்டத்துக்காரர்களுக்காகச் சொல்கிறேன், மத்தி மீனைத்தான் குமரி மாவட்டத்தில் நாங்கள் சாளை என்போம். எங்கள் மாமா ஊர்ப் பொதுக்காரியம் எதுவானாலும் முன்னால் நிற்பவர். குழி விழுந்த சாலையால் பஸ் ஊருக்குள் வராமல் போய் மாதக்கணக்காகியிருந்தது. மூன்றாவது சுற்றில் மாமா எழுந்தார், வேட்டியை இறுக்கிக் கட்டினார், ஒரு கையில் மீன் துண்டோடு அறிவித்தார்:

"எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். கல்யாணம் முடிந்த மறுநாள் காலை பத்து மணிக்குச் சாளை மறியல்!"

ஒரு நொடி யாரும் பேசவில்லை. குளச்சலில் படகு வைத்திருக்கும் மைத்துனர்தான் மெதுவாகத் தொடங்கினார்.

"சாளையை மறிக்க இத்தனை பேர் எதற்கு மாமா? ஒரு வலை போதுமே."

மாமாவுக்கு இன்னும் விளங்கவில்லை. "போலீஸ் வரும்டே, விளையாட்டில்லை" என்றார்.

"வந்தால்?"

"பிடித்துக் கொண்டுபோய் மண்டபத்தில் அடைப்பார்கள்."

"சாளையை டப்பாவில் அல்லவா அடைப்பார்கள்!"

சிரிப்புச் சத்தம் கேட்டு அத்தை மாடிப்படி வரை வந்து, மறித்தது போதும், தாம்பாளத்தைக் கீழே கொடுங்கள் என்றார். மாமா நிதானத்தில் இருக்கும்போது லகர ளகரத்தில் தவறவே மாட்டார். கண்ணுக்கு முன்னால் மீன், வாயில் மீன். சொல்லிலும் மீன் புகுந்துவிட்டது, அவ்வளவுதான்.

மறியல் சொன்னபடி நடந்தது. ஒலிபெருக்கியைக் கையில் வாங்கிய மாமா அந்தச் சொல் வந்ததும் நின்றார். எதிரே மைத்துனர் நின்றிருந்தார். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்த ரோடு மறியலுக்கு வந்திருக்கும்..." என்று போய்விட்டார்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நாகர்கோவில்:

தம்பி, ண ந ன, ல ள ழ, ர ற என்னும் எட்டு எழுத்துக்கும் இலக்கணத்தில் மயங்கொலி என்று பெயர். மயங்கொலியை மயக்கத்தில் சொல்வதற்கு உங்கள் மாமாவுக்கு முழு உரிமை உண்டு.

எங்கள் கூட்டத்தில் ஒரு சோதனை இருந்தது. அடுத்த கிளாஸ் வேண்டும் என்பவர் "ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல்மேல் வழுக்கி விழுந்தான்" என்பதைத் தடுக்காமல் மூன்று முறை சொல்ல வேண்டும். ஐந்து பேரில் நான்கு பேர் தாண்டிவிட்டார்கள். விழுந்தவர் ஒருவர்தான், அன்று முழுவதும் சுக்குக் காப்பி மட்டும் குடித்தவர். அந்த அவமானம் தாங்காமல் அவர் அதன்பிறகு குடிக்கத் தொடங்கினார் என்று நண்பர்கள் பரப்பினார்கள். பொய். அவர் இன்றும் சுக்குக் காப்பிதான், இன்றும் 'வாளைப்பளம்'தான். அவர் நான்தான் என்று யாரும் ஊகிக்க வேண்டாம்.

குழித்துறைப் பையன்:

என்னுடையதில் பிறழ்ந்தது நாக்கு இல்லை, காது. சென்னையில் என் மேலதிகாரியாக இருந்தவர் குடும்பத்தோடு கன்னியாகுமரி வந்திருந்தார். பனைச் சீசன். காலையில் சுசீந்திரம் கோயிலில் கும்பிட்டுவிட்டு வரும் வழியில், "அக்கானி குடிக்கிறீர்களா சார்?" என்று கேட்டேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "அக்னியா? காலையிலேயா?"

பதநீரைத்தான் நாங்கள் அக்கானி என்போம். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவிப் பனையில் கட்டினால் இறங்குவது அக்கானி. சுண்ணாம்பு இல்லாவிட்டால் அதுவே புளித்துக் கள். கள் தமிழ்நாட்டில் 1987 முதல் தடை. இவ்வளவையும் விளக்கி அவரைப் பனை மூட்டுக்கு அழைத்துப் போனேன். பனையேறும் பெரியவர் குருத்தோலையை மடக்கிப் பட்டை பிடித்துக்கொண்டே, "சாருக்கு எத்தனை பட்டை?" என்று கேட்டார்.

சாருக்குக் குடிக்கும் பட்டை தெரியாது. தெரிந்தது நெற்றியில் இடும் பட்டை. திருநீற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு பணிவாக, "மூன்று" என்றார்.

பெரியவர் மூன்றும் ஊற்றினார். கோயிலுக்குப் போய்வந்தவரிடம் கேட்டு ஊற்றுவதை மறுக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, சார் மூன்றையும் குடித்தார். அதன்பிறகுதான் வேடிக்கை. காரில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டு, "லேசாக ஏறுகிறதப்பா" என்றார். வெறும் இனிப்பு! பனைச்சர்க்கரை தவிர அதில் ஒன்றும் கிடையாது என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. நாகர்கோவில் வரும்வரை அலுவலகத்தில் இருக்கும் எல்லோரைப் பற்றியும் மனம் திறந்து பேசினார். அதை இங்கே எழுத முடியாது. என்னைப் பற்றியும் பேசினார். அதையும் எழுத முடியாது.

எல்லைக்காரன், களியக்காவிளை:

வெள்ளம் கதையை நான் சொல்லப்போவதில்லை. மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர், வெள்ளமடி என்றால் குடி. இதைத் தெரியாமல் மழை எங்கே என்று வானத்தைப் பார்த்தவன் கதை வருடத்துக்கு ஒருமுறையாவது காதில் விழுகிறது. 1956 நவம்பர் 1 வரை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே மாநிலம். கோடு போட்ட பிறகும் சொற்கள் டிக்கெட் எடுக்காமல் போய்வந்துகொண்டுதான் இருக்கின்றன.

என் சகலை மதுரைக்காரர். கல்யாணமான புதிதில் எங்கள் மாமனார் அவரை எல்லை தாண்டிக் கேரளத்துப் பாறசாலைப் பக்கத்துக் கள்ளுக்கடைக்கு அழைத்துப் போனார். நானும் போயிருந்தேன். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வந்தன. இரண்டாவது குப்பியில் சகலைக்கு வாய் திறந்துவிட்டது. மதுரை, மல்லிகை, சித்திரைத் திருவிழா என்று நிறுத்தாமல் பேசினார். எதிர்ப் பெஞ்சில் இருந்த ஒரு கிழவர் ரசித்துக் கேட்டுவிட்டு, மாமனாரிடம் மலையாளத்தில் சொன்னார், மருமகனுக்குச் சம்சாரம் கொஞ்சம் கூடுதல் என்று.

மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. மதுரையில் என்னவென்று உங்களுக்குத் தெரியும்.

சகலை துள்ளி எழுந்தார். பெஞ்சே ஆடியது. "யார் சொன்னது? எனக்கு ஒரே சம்சாரம்தான்! மாமா, உங்கள் மகள்மேல் சத்தியம்!"

கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது. நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். மாமனார் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். இரண்டு பாஷையும் பிறந்ததிலிருந்து பேசுகிறவர், அசையாமல் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். சகலைக்குப் போதை முழுவதும் இறங்கிவிட்டது. திரும்பும் வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. களியக்காவிளை பஸ் நிலையத்தில் இறங்கியதும் மாமனார் அவர் தோளில் கைவைத்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஒன்றுதானே?"

வடசேரி அக்கா:

கிளாஸ் என்றால் ஆண்கள் கிளாஸ்தானா? என்னுடையது கருப்பட்டிக் காப்பி.

என்னைப் பெண்பார்க்க வந்த அன்று தட்டில் மட்டிப்பழம் வைத்திருந்தோம். விரல் நீளத்துக்கு மணமாக இருக்கும் எங்கள் ஊர்ப் பழம். 2023இல் புவிசார் குறியீடுகூட வாங்கிவிட்டது. மட்டி என்றால் மந்தப் புத்திக்காரன் என்றும் பொருள் உண்டு, அதற்கு இன்னும் குறியீடு கொடுக்கவில்லை. வந்தவரோ நல்ல கூச்சக்காரர். காப்பியை மட்டும் ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். உபசாரத்தில் குறை வந்துவிடுமோ என்று என் பாட்டிக்குப் பதற்றம். தட்டை அவர் பக்கம் தள்ளி, "மட்டிப்பழம் எடுத்துக்கொள்ளுங்கள் மாப்பிள்ளை" என்று சொல்ல நினைத்தவள், வீடே கேட்கும்படி சொன்னாள்:

"மாப்பிள்ளைப்பழம் எடுத்துக்கொள்ளுங்கள் மட்டி!"

என் அப்பா சுவரைப் பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மா தம்ளரைக் கீழே வைத்தார். கதவுக்குப் பின்னால் நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அவர் நிதானமாக ஒரு பழத்தை உரித்து வாயில் போட்டு, "மட்டிக்குப் பிடித்திருக்கிறது பாட்டி" என்றார். பழத்தையா பெண்ணையா என்று யாரும் கேட்கவில்லை.

இருபத்திரண்டு வருடமாகிவிட்டது. வடசேரிச் சந்தையில் இன்றும் அவர் "மாப்பிள்ளைப்பழம் ஒரு சீப்பு" என்றுதான் கேட்கிறார். கடைக்காரருக்கும் பழகிவிட்டது, எடுத்துக் கொடுத்துவிடுகிறார்.