லோ விங்கில் எலெக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் எங்கே வைப்பது: ஃபயர்வாலிலா, சீட்டுக்கு அடியிலா?

வியாசை_லேத்:

வணக்கம். வியாசர்பாடி எஸ்டேட் பக்கம் ஒரு லேத் பட்டறையின் பின்கட்டில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து இரண்டு சீட் விமானம் ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறோம். லோ விங், அதாவது இறக்கை உடம்புக்கு அடியில் இருக்கும் வகை, இரண்டு இறக்கையிலும் அலுமினிய டேங்க், இன்ஜின் ரோட்டாக்ஸ் 912 யுஎல்எஸ், அதாவது கார்புரேட்டர் வைத்த 100 குதிரைத்திறன் மாடல். விமானத்துக்கு அனுமதி தரும் டிஜிசிஏவின் பேப்பர் வேலை ஒரு பக்கம் ஓடுகிறது, அதைப் பற்றி இங்கே கேட்கவில்லை, அதற்குத் தனியாக உட்கார்ந்து அழ வேண்டும்.

மாட்டிக்கொண்டு நிற்பது பெட்ரோல் லைனில். இன்ஜினோடு வரும் மெக்கானிக்கல் பம்ப் முன்னால் கியர்பாக்ஸிலேயே இருக்கிறது, சரி. கூட ஒரு எலெக்ட்ரிக் பம்ப் போட வேண்டும், ஆனால் எங்கே என்பதில்தான் தினமும் டீக்கடையில் பஞ்சாயத்து. இன்ஜினையும் கேபினையும் பிரிக்கும் தீத்தடுப்புச் சுவரான ஃபயர்வாலில், இன்ஜின் பக்கமாகப் போடலாம் என்பது என் கட்சி. கேபினுக்குள் பெட்ரோல் வாடை வராது, கவுலிங்கை, அதாவது இன்ஜின் மூடியைக் கழற்றினால் கை எட்டும். இன்னொருவர் சீட்டுக்கு அடியில், இறக்கை சேரும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்கிறார். மூன்றாமவர், மெக்கானிக்கல் பம்பே இழுத்துக்கொள்ளும், இல்லையென்றால் புதுப்பேட்டையில் பைக் எஃப்ஐ (ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்) பம்ப் சல்லிசாகக் கிடைக்கும், வாங்கிச் சொருகு என்கிறார்.

டேங்கின் அடியிலிருந்து கார்புரேட்டர் வரை உயரம் சுமார் 70 சென்டிமீட்டர், லைன் நீளம் இரண்டு மீட்டருக்கு மேல். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பங்க் பெட்ரோலே போடலாமா என்பதையும் சேர்த்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

பெரம்பூர்_ஏஎம்இ:

தம்பி, உங்கள் இரண்டாவது ஆள் சொல்வதுதான் சரி. நான் ஹேங்கரில் ஏஎம்இயாக, அதாவது விமானப் பராமரிப்பு இன்ஜினியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பம்புக்குத் தள்ளத் தெரியும், இழுக்க அவ்வளவாக வராது. சம்ப் தண்ணீரை மேலே ஏற்ற மோட்டாரைக் கொண்டுபோய் மொட்டை மாடியிலா வைக்கிறோம்? அங்கே தண்ணீர் வராது, அவ்வளவோடு போகும். பெட்ரோலில் விஷயம் அதைவிட மோசம், ஏனென்றால் அது இழுக்கும்போது கொதிக்கும். ஒரு மீட்டர் உயர பெட்ரோல் என்றால் ஏறக்குறைய 0.07 பார். உங்கள் 70 சென்டிமீட்டருக்கு 0.05 பார் போய்விட்டது. அதோடு ஃபில்டர், எந்த டேங்க் என்று தேர்ந்தெடுக்கும் செலக்டர் வால்வு, ஒவ்வொரு வளைவும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும், 5,000 அடிக்கு ஏறினால் வெளிக் காற்றழுத்தமே 0.84 பாருக்கு இறங்கிவிடும். பம்புக்கு முன்னால் உள்ள லைனில் இப்படி அழுத்தம் குறையக் குறைய ஆவியாவது சுலபமாகிறது.

இதோடு சூட்டையும் சேர்த்துப் பாருங்கள். பெட்ரோலில் உள்ள இலேசான பகுதிகள் 40 டிகிரிக்குப் பக்கத்திலேயே ஆவியாகத் தொடங்கும், 60 டிகிரியைத் தொட்ட லைனில் யாரும் இழுக்காமலே கொதிக்கிற நிலைக்கு வந்துவிடும். மே மாதம் மதியம், இன்ஜினை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் வெயிலில் விடுங்கள், ஓடும்போது இருந்ததைவிடக் கவுலிங்குக்குள் சூடு ஏறியிருக்கும், காரணம் காற்றோட்டம் நின்றுவிட்டது. திரும்ப ஸ்டார்ட் செய்து ஓடுபாதையில் முழு த்ராட்டில் கொடுக்கும்போதுதான் அந்த ஆவிக் குமிழ் பம்புக்குள் வந்து நிற்கும். குமிழை வைத்துக்கொண்டு பம்ப் என்ன செய்யும், வெறுமனே அடித்துக்கொண்டிருக்கும். ஃபயர்வாலின் முன்பக்கம் நீங்கள் வைக்க நினைக்கும் பம்ப் சரியாக இந்த அடுப்புக்குள்தான் உட்கார்ந்திருக்கும். மெக்கானிக்கல் பம்பும் அங்கேதான் இருக்கிறது, அதற்கு வேறு வழியில்லை. அது தடுமாறும் நேரத்தில் காப்பாற்ற வேண்டிய இரண்டாவது பம்பையும் அதே சூட்டில் வைத்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தடுமாறும்.

அதனால் எலெக்ட்ரிக் பம்ப் டேங்க் மட்டத்துக்கோ அதற்குக் கீழேயோ, ஃபயர்வாலுக்குப் பின்னால், குளிர்ந்த இடத்தில். ரொம்பக் கீழே வயிற்றுத் தகட்டை ஒட்டியும் வேண்டாம், சக்கரம் மடங்கி வயிற்றில் இறங்கினால் முதலில் நசுங்குவது அதுதான். பம்புக்கு முன்னால் பெரிய கண் வலை போதும், நுண்ணிய ஃபில்டரை அடுத்த பக்கம் போடுங்கள். எலெக்ட்ரிக் பம்ப் நின்றுபோனாலும் மெக்கானிக்கல் அதைத் தாண்டி இழுத்துக்கொள்ள வேண்டும் என்பதால், பக்கத்தில் ஒரு செக் வால்வு (ஒரு திசையில் மட்டும் விடும் வால்வு) வைத்த பைபாஸ் குழாய் கொடுங்கள். செலக்டரில் இடது, வலது, ஆஃப், அவ்வளவுதான். ஹை விங்கில் இருப்பதுபோல இரண்டையும் சேர்த்துத் திறக்கும் நிலை லோ விங்குக்கு ஆகாது, ஒரு டேங்க் காலியானதும் பம்ப் அந்தப் பக்கக் காற்றைத்தான் இழுக்கும்.

எஃப்ஐ பம்ப் பற்றி ஒரே வரி: அது 3 பார் அளவில் தள்ளும், உங்கள் கார்புரேட்டருக்கு வேண்டியது 0.15 முதல் 0.4 பார். கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அடைக்கும் மிதவை ஊசியைத் தள்ளித் திறந்துகொண்டு பெட்ரோல் சூடான எக்ஸாஸ்ட் மேல் வழியும். அந்த நண்பருக்கு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள்.

காசிமேடு_டீசல்:

நமக்கு விமானம் தெரியாது, போட் இன்ஜின்தான். ஆனால் ஏஎம்இ அண்ணன் சொல்லும் இழுக்கிற பக்கத்துச் சமாச்சாரம் எங்களுக்கு அன்றாடப் பிழைப்பு. டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு ஜாயிண்ட் லூஸ் என்றால் எண்ணெய் வெளியே வராது, காற்று உள்ளே போகும். தரையெல்லாம் காய்ந்து சுத்தமாக இருக்கும், இன்ஜின் மட்டும் கடலில் போய் ஏர் பிடித்து நிற்கும். சொட்டுகிற லீக் நல்ல லீக், கண்ணுக்குத் தெரிகிறது. நாங்கள் செய்வது, பம்புக்கு முன்னால் ஒரு முழம் கண்ணாடி மாதிரி டியூப் தற்காலிகமாகப் போட்டு ஓட்டிப் பார்ப்போம். மணி மணியாகக் குமிழ் ஓடினால் அதற்கு முன்னால் உள்ள ஜாயிண்டைப் பிடி. நீங்களும் தரையில் இன்ஜினை ஓட்டிப் பார்க்கும்போது மட்டும் செய்யலாம், அப்புறம் அந்த டியூபைக் கழற்றிப் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று, பிளம்பர் சுற்றுகிற வெள்ளை டேப்பைப் பெட்ரோல் லைன் பக்கம் கொண்டுவரவே கூடாது. அதன் நூல் பிய்ந்து போய் வால்வில் உட்காரும்.

மணலி_காற்று:

எல்லாம் சரி சார், ஆனால் கேபினுக்குள் பெட்ரோல் பம்ப் என்பதை இவ்வளவு சுலபமாகத் தாண்டிப் போகிறீர்களே. நான் வேலை பார்ப்பது எண்ணெய் பிளாண்டில், ஆள் இருக்கும் மூடிய இடத்தில் பெட்ரோல் ஆவி என்றாலே எங்களுக்கு மணி அடித்துவிடும். கேட்டவரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. சீட்டுக்கு அடியில் பம்ப், அதற்கு நான்கு ஜாயிண்ட், அதன் மேல் ஒரு மனிதர். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், கீழேயே தேங்கும், ஒயர் முனையில் ஒரு பொறி போதும். இறக்கை வேரிலேயே, அதாவது இறக்கை உடம்போடு சேரும் இடத்தில், கேபினுக்கு வெளியே ஒரு பெட்டி போட்டு வைத்தால் என்ன?

பங்க் பெட்ரோல் கேள்விக்கு: ரோட்டாக்ஸ் அனுமதிப்பது 10 சதவீத எத்தனால் வரைதான், இப்போது பங்க்கில் வருவது இ20, அதாவது 20 சதவீத எத்தனால். தண்ணீர் ஊற்றி எத்தனாலைப் பிரித்தெடுக்கலாம் என்று யாராவது வீடியோ அனுப்புவார்கள், கேட்காதீர்கள், அதோடு ஆக்டேனும் போய்விடும், யுஎல்எஸ்ஸுக்குக் குறைந்தது 95 ரான் (ஆக்டேன் அளவு) வேண்டும். விமானப் பெட்ரோலான ஏவ்கேஸ் 100எல்எல் போடலாம், அதில் ஈயம் இருப்பதால் ஆயிலைச் சீக்கிரம் மாற்ற வேண்டியிருக்கும். 2022 வரை அது முழுக்க இறக்குமதிதான், அதற்கப்புறம் இந்தியன் ஆயில் வதோதரா ஆலையில் செய்கிறது. வாசலில் இவ்வளவு பெரிய ரிஃபைனரியை வைத்துக்கொண்டு குஜராத்திலிருந்து வரவழைக்க வேண்டும் என்பது நம் தலையெழுத்து. அதற்கு ஒரு லாபமும் உண்டு, ஏவ்கேஸின் ஆவி அழுத்தம் பங்க் பெட்ரோலைவிடக் குறைவு, ஏஎம்இ சார் சொல்லும் கொதிப்புத் தொல்லை அவ்வளவு வராது.

பெரம்பூர்_ஏஎம்இ:

மணலி சார், இறக்கை வேர் நல்ல இடம்தான், மறுக்கவில்லை. ஒரு பக்கத்துக்கு ஒன்று என இரண்டு பம்ப் ஆகும், எடையும் செலவும் கூடும், ஆனால் முடிந்தால் அதுவே மேல். முடியாவிட்டால் சீட்டுக்கு அடியில் பம்பையும் செலக்டரையும் ஒரே பெட்டிக்குள் அடைத்து, அடியில் வெளியே போகும் ஒரு வடிகால் குழாய், கேபினோடு தொடர்பே இல்லாத காற்றுவழி. ஸ்விட்ச், ரிலே எதுவும் அந்தப் பெட்டிக்குள் கூடாது.

இன்ஜின் பக்கம் வைத்தால் தீ அபாயம் குறையும் என்ற நினைப்பைத்தான் நான் ஒத்துக்கொள்ளவில்லை. கவுலிங்குக்குள் தீப்பிடித்தால் விமானி செய்ய வேண்டியது வால்வை மூடுவது, பம்பை நிறுத்துவது. பம்ப் ஃபயர்வாலுக்குப் பின்னால் இருந்தால் முன்னால் மிஞ்சுவது குழாயில் நிற்கிற பெட்ரோல் மட்டும். அந்தக் குழாய்க்கும் ஃபயர் ஸ்லீவ், அதாவது தீ தாங்கும் உறை போடுங்கள். மோதி நின்ற பிறகும் எலெக்ட்ரிக் பம்ப் தன் பாட்டுக்கு அறுந்த குழாயில் தள்ளிக்கொண்டே இருக்கும் என்பதையும் யோசியுங்கள், கார்களில் அதிர்ந்தால் பம்பை நிறுத்துகிற ஸ்விட்ச் இருக்கிறதே, அதுபோல ஒன்று வைப்பது நல்லது. முக்கியமாக அந்த பம்பின் ஸ்விட்ச் கை தடவினாலே தெரியும்படி இருக்க வேண்டும்.

வியாசை_லேத்:

நன்றி அண்ணா, நன்றி மணலி சார். ஃபயர்வால் யோசனையை விட்டாயிற்று. இறக்கை வேரில் இடம் அளந்து பார்த்தேன், இறக்கையின் முதுகெலும்பான ஸ்பார் தடுக்கிறது, அதனால் வடிகாலோடு பெட்டிதான். எல்லாம் பூட்டியபின் போதுமான பெட்ரோல் வருகிறதா என்று எப்படிச் சோதிப்பது?

பெரம்பூர்_ஏஎம்இ:

யுஎல்எஸ் டேக்ஆஃபில் மணிக்கு 27 லிட்டர் குடிக்கும். பம்ப் வைத்த சிஸ்டத்துக்கு அதில் 125 சதவீதம் வர வேண்டும் என்பது அமெரிக்க விமானத் துறை எஃப்ஏஏ வைத்திருக்கும் அளவு, அதாவது மணிக்கு சுமார் 34 லிட்டர், நிமிடத்துக்கு 560 மில்லி. மூக்கைத் தூக்கி, அதிகபட்சமாக ஏறும் கோணத்தில் நிறுத்துங்கள், டேங்கில் கொஞ்சம்தான் பெட்ரோல் இருக்கட்டும், கார்புரேட்டர் முனையில் கழற்றிவிட்டு எலெக்ட்ரிக் பம்பை மட்டும் ஓட்டி ஒரு நிமிடம் பிடியுங்கள். 560 வரவில்லை என்றால் பம்பைக் குறை சொல்வதற்கு முன் வலையையும் டேங்க் காற்றுக் குழாயையும் பாருங்கள். இரண்டு டேங்குக்கும் தனித்தனியாக.

காசிமேடு_டீசல்:

தண்ணி பாட்டிலில் பிடிக்காதே தம்பி. தகர கேன், அதையும் விமானத்தையும் ஒயர் போட்டு எர்த்தோடு சேர்த்துக் கட்டு, பட்டறையில் வெல்டிங் அடிக்கிற பையனை அன்றைக்கு லீவில் அனுப்பு.